வெற்றுக்கல்லில் வந்த தங்கம்

1

எங்கள் சங்கத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படிவம் வரும். சங்கம் என்றதும் உங்களுக்குக் கொடியும் கோஷமும் ஞாபகம் வந்தால் மன்னியுங்கள், திருவொற்றியூரில் வளர்ந்தவளுக்கு வேறு சொல் வாயில் வருவதில்லை. இது சுரங்கத் தொழிலில் இருக்கிற பொறியாளர்களும் நிலவியலாளர்களும் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு. நான் நிலவியல் படித்தவள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை. எட்டு நாள் சுரங்கம், ஆறு நாள் பெர்த் நகரத்தில் வீடு. போவதும் வருவதும் விமானத்தில். எண்ணூர் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவள் இப்போது விமானத்தில் போகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

படிவத்தில் பெயர் கேட்பார்கள், முகவரி கேட்பார்கள், இந்த வருடம் புதிதாக என்ன படித்தாய் என்று கேட்பார்கள். ஏழாவது கேள்விதான் முக்கியம். கடந்த ஓராண்டில் தொழில் நெறிகளை மீறியதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இதுவரை ஒவ்வொரு வருடமும் நான் படிக்காமலேயே 'இல்லை'யைத் தட்டியிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் 'ஆம்' கட்டத்தைத் தட்டினேன். உடனே கீழே ஒரு பெட்டி திறந்தது. நடந்ததை முந்நூறு சொற்களுக்குள் விளக்கவும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள் யாழினி, "நீ சீட் பண்ணினியாம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் இல்லை என்றேன். பிறகு, தெரியவில்லை என்றேன். அவள் அப்பாவைக் கூப்பிடப் போய்விட்டாள்.

முந்நூறு சொற்களில் எழுதி அனுப்பியாயிற்று. அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

2

தங்கச் சுரங்கம் என்றால் பாறையில் தங்கம் மின்னும், பொறுக்கிக்கொண்டு வரலாம் என்று ஊரில் நினைக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் கண்ணால் தங்கத்தைப் பாறையில் பார்த்தது ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். எங்கள் சுரங்கத்தில் ஒரு டன் பாறையில் ஒரு கிராம் தங்கம் இருந்தால் போதும், வெட்டுவார்கள். என் அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றியவர். அவருக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். பதினாறு டன் லாரி நிறையக் கல் இருக்கிறது, அதற்குள் எங்கோ ரெண்டு சவரன் தூளாகக் கலந்திருக்கிறது, அதை எடுக்கிறோம். அப்பா, "இருக்குதுன்னு எப்டிமா தெரியும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகம்.

பூமியில் துளை போட்டு, உள்ளே இருக்கும் பாறையை நீள உருளையாக வெளியே எடுப்பார்கள். என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். முந்நூறு, நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து வரும். மனிதர் எவரும் பார்த்திராத கல் அது. முதல் தடவை அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் ஒரு நிமிஷம் நிற்பேன். அந்த உருளையை நெடுக்கில் இரண்டாக அறுப்போம். ஒரு பாதி துணிப்பையில் எண் போட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். மறுபாதி தட்டில் அப்படியே இருக்கும், கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகையில், வருடக்கணக்கில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன், மறுபாதி எதற்கு என்று. என் மேலாளர் காலின் சொன்னார்: "உன்னை நம்பாத ஒருவர் என்றைக்காவது வருவார். அது அவருடைய பாதி."

எனக்கு மெய்சிலிர்த்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நம்மை நம்பாதவருக்காக நம்மிடம் இருப்பதில் சரிபாதியை எடுத்து வைக்கிற தொழில் வேறு எங்கே இருக்கிறது?

3

என் வலது கையில் ஒரு தங்க வளையல் இருந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அம்மா போட்டது. அம்மா ஜாக்கெட் தைப்பவள், அந்தக் கூலியில் சீட்டு கட்டி எடுத்த வளையல். அளவு சிறியதாகப் போய்விட்டது. மாற்றலாம் என்றேன். கேட்கவில்லை. குழாயடியில் உட்கார வைத்து, கை முழுக்க சோப்பு நுரை போட்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி, என் அலறலைப் பொருட்படுத்தாமல் ஏற்றிவிட்டாள். "ஏறிச்சி பாரு. இனிமே நீயே நெனச்சாலும் எறங்காது" என்றாள். யாழினி பிறந்து நான் கொஞ்சம் பூசினாற்போல் ஆனதும் அது சத்தியவாக்காகிவிட்டது.

தங்கச் சுரங்கத்தில் மாதிரி எடுக்கும் மேசைக்குத் தங்கம் அணிந்து வரக்கூடாது. முதல் நாள் பயிற்சியிலேயே சொல்வார்கள். மோதிரம், சங்கிலி, எதுவும். பாறையில் உரசினால் தங்கம் ஒட்டும், கண்ணுக்குத் தெரியாது, ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். லாரி லோடில் ரெண்டு சவரனைக் கண்டுபிடிக்கிற கருவிக்கு ஒரு வளையலின் உரசல் தப்புமா?

எனக்குத் தெரியும். ஆனால் வளையல் இறங்காது. இறங்காவிட்டால் வெட்ட வேண்டும். அம்மாவிடம் போனில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வளையல வெட்டுறதா? இன்னாமே பேசுற? பாஸ்கரு நல்லாத்தானே கீறான்?"

பாஸ்கர் என் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் கீறாரு, தோச துன்னுகினு கீறாரு" என்றேன்.

"அப்பால இன்னாத்துக்கு வெட்டணும்? தாலி அறுத்தவளுக்குத்தான் வளையலு எடுப்பாங்கோ. வாயில நல்ல வார்த்தயே வராதா ஒனக்கு? எண்ண போட்டு இசுத்துப் பாரு."

எண்ணெய் போட்டு இழுத்துப் பார்த்தேன், தோல்தான் கழன்றது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வளையல் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரி சுற்றினேன், நாலு சுற்று. அதன்மேல் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். பெர்த்தில் முதல் சில வருடம் பார்த்த ஆபீஸ் வேலையில் வளையலால் தொந்தரவில்லை, இந்தச் சுரங்கத்துக்கு வந்த பிறகு இரண்டு வருடம் இப்படியே ஓடியது. படித்த படிப்பையும் அம்மாவின் வாய்ச்சொல்லையும் ஒரே பிளாஸ்திரியில் சுற்றி வைத்த புத்திசாலி நான்.

4

பைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது இடையிடையே சில பைகளில் தங்கமே இல்லாத கல்லைப் போட்டு, அதற்கும் வரிசை எண் கொடுத்து அனுப்புவோம். வெற்றுக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் வீடு கட்டக் கொட்டுகிற ஜல்லிதான். ஆய்வுக்கூடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க. வெற்றுக்கல்லில் தங்கம் இல்லை என்று முடிவு வர வேண்டும்.

போன வருடம் ஒரு நாள் வெற்றுக்கல்லில் தங்கம் வந்தது. கொஞ்சம்தான். அடுத்த வாரம் இன்னும் இரண்டில் வந்தது.

காலின் முகம் சுருங்கியது. அந்தத் துளைகளின் முடிவுகளைக் கம்பெனி நான்கு நாளில் பங்குச் சந்தைக்கு அறிவிப்பதாக இருந்தது. நல்ல முடிவுகள். அறிவிப்பின் அடியில், இதற்கு நானே பொறுப்பு என்று ஒரு மனிதர் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் போட வேண்டும். கம்பெனியின் பெயர் செல்லாது, ஒரு ஆளின் பெயர்தான். இதில் காலின் தன் பெயரைப் போட்டிருந்தார். எங்கோ ஒரு ஊரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அந்தப் பெயரை நம்பித் தன் சேமிப்பைப் போடுவார்.

ஆய்வுக்கூடத்தில்தான் ஏதோ கலப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். புகார்க் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதினேன். நல்ல காரமாகவே எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. எங்கள் இயந்திரங்களை எல்லாம் நிறுத்தி இரண்டு முறை சுத்தம் செய்தோம், அன்றைக்கு வேலையில் இருந்தவரை விசாரணை முடியும்வரை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மதியம் கை கழுவப் போனேன். சட்டைக் கையை மடித்தபோது பார்த்தேன். பிளாஸ்திரி உள்பக்கம் கிழிந்து நூலாகத் தொங்கியது. வளையலின் விளிம்பு ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

வெற்றுக்கல்லைச் சாக்கிலிருந்து எடுப்பது நான்தான். கரண்டி எடுக்காமல், நம்மூர் அரிசி மூட்டையில் விடுவதுபோல முழங்கை வரை கையை விட்டு அள்ளுவேன். கணினியில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தங்கம் வந்த மூன்று வெற்றுக்கல்லும் என் எட்டு நாளில் போட்டவை. நான் வீட்டில் இருந்த ஆறு நாட்களில் மற்றவர் போட்டவை அத்தனையும் சுத்தம்.

அந்தப் பட்டியலை அப்படி நாள் பிரித்துப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. பெர்த் போனதும் ஒரு நகைக்கடையில் வளையலை வெட்டிவிட்டால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியாது. அம்மாவிடம் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அதை முழுசாக யோசித்துவிட்டேன், எந்தக் கடை என்பதுவரை.

5

இங்கே குணவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எம்.எஸ்ஸி. முடித்ததும் எனக்கு முதல் வேலை எண்ணூரில். கப்பலில் வரும் நிலக்கரியின் தரத்தைச் சோதிக்கும் ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. கரியை அள்ளிக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி குவித்து, கடைசியில் மூன்று மூட்டையாக்குவார்கள். ஒன்று விற்றவருக்கு. ஒன்று வாங்கியவருக்கு. மூன்றாவதைச் சீல் வைத்து வைப்பார்கள், இரண்டு பேருக்கும் தகராறு வந்தால் பிரிக்க. குவித்துப் பிரிக்கிற வேலைக்கு வந்தவள் குணவதி. நாள் கூலி. என் வயதுதான். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரிய வேலை செய்வாள். நோட்டில் எழுதுவது நான்.

ஒரு கப்பலில் கரியோடு கல் நிறைய வந்துவிட்டது. முதல் இரண்டு மூட்டையின் கதை எனக்குத் தெரியாது. மூன்றாவது மூட்டையை மாற்றிவிட்டு வா என்று மேனேஜர் என்னை அனுப்பினார். நல்ல கரி நிரப்பிய வேறு மூட்டை தயாராக வாசலில் இருந்தது. நான் போனேன். ஆம், போனேன். மறுபேச்சுப் பேசவில்லை.

கொட்டகையில் குணவதி அந்த மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"குணா, கொஞ்சம் எந்திரி."

"இன்னாத்துக்கு?"

"சாரு மூட்டைய கேக்குறாரு."

"சாரு வந்து கேக்கட்டும். நான் துன்னுகினு கீறேன் இல்ல."

"சீல் வெக்க வாங்குறவங்க ஆளு வந்துடுவாரு, குணா. பேஜாராப்பூடும்."

"வரட்டும். அவுரு வந்தாத்தான் எந்திரிப்பேன்."

மேனேஜர் வந்தார். கத்தினார். அவள் வாயில் சோறு வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், எழவில்லை. ஒரு டப்பா சோற்றை ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டாள். அப்புறம் வாங்கியவரின் ஆள் வந்தார், அவர் கண்ணெதிரில் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, மூட்டையைக் காட்டினாள். சீல் வைத்தார்கள்.

மறுநாள் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அங்கேயே இன்னும் ஏழு மாதம் இருந்தேன். கிளம்பும்போது அனுபவக் கடிதம் கொடுத்தார்கள். அதில் நான் நேர்மையானவள் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. அந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் ஆஸ்திரேலியா எனக்கு விசா கொடுத்தது. எத்தனையோ படிவங்கள், நோட்டரி, மொழிபெயர்ப்பு, மருத்துவம், காவல்துறைச் சான்று. அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை.

எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாத குணவதிக்கு அந்த நேர்மை எங்கிருந்து வந்தது என்று நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். அவளைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம், வேறில்லை. இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. யாரோ மணலி புதுநகர் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள்.

ஆய்வுக்கூடத்தில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட அந்த முகம் தெரியாத ஆளும் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லப்படப் போகிறவர்தானே? இந்த முறை கடிதம் எழுதியதே நான்.

6

காலினின் அறைக் கதவைத் தட்டி, "ஒரு டவுட்" என்றேன். முதல் வருடம் நான் இப்படிச் சொல்லும்போதெல்லாம் இவர்கள் விழிப்பார்கள், ஏதோ தங்கள்மேல் சந்தேகப்படுகிறேன் என்று. காலினுக்குப் பழகிவிட்டது. உட்காரச் சொன்னார்.

சட்டைக் கையை மடித்து மேசைமேல் கையை வைத்தேன். சொன்னேன். பட்டியலையும் காட்டினேன். சொல்லும்போது என் ஆங்கிலம் எல்லாம் கழன்று போய், எண்ணூர் ஆபீஸில் பேசுகிற ஆங்கிலம் வந்தது. என் விசா அப்போது இந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. வேலை போனால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். யாழினிக்குத் திருவொற்றியூர் என்று எழுத்துக்கூட்டக்கூட வராது. அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, போனில் பேசினால், "தமிழ் ஸ்கூல்ல சொல்ற மாதிரி பேச மாட்டேங்கிறாங்க" என்று என்னிடமே புகார் சொல்கிறவள்.

காலின் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நிச்சயமாகத் தெரியுமா, யாராவது நிரூபிக்க முடியுமா என்று கேட்பார் என்றும் எதிர்பார்த்தேன். எண்ணூர் மேனேஜர் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். காலின் கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தனை நாளாக இருக்கிறது?"

"சேர்ந்த நாள் முதல்."

அவர் போனை எடுத்து அறிவிப்பை நிறுத்தச் சொன்னார். அடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் பேசினார், தவறு எங்களுடையது, உங்கள் ஊழியர்மேல் குற்றம் இல்லை, இதை எழுத்தில் இன்றே அனுப்புகிறேன் என்று. பிறகு எழுந்து அலமாரியில் பழைய குறிப்பேடுகளைக் குடைந்தார். ஒன்றை எடுத்துப் புரட்டி என் முன் வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளின் பக்கம். அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: மணிக்கட்டில் வளையல், பிளாஸ்திரி சுற்றியிருக்கிறது, போதும் என்று அனுமதித்தேன்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவர் பார்த்தாரா, எப்போது அனுமதித்தார், எதுவும். அந்தப் பக்கத்தை அவர் கிழித்துப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

"தவறு என்னிடம் ஆரம்பிக்கிறது" என்றார். அன்றைக்கே சங்கத்துக்குத் தன்மேல் தானே புகார் எழுதினார். பிரதி எனக்கும் வந்தது. முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் இரண்டாம் பக்கத்தில், நானே வந்து சொன்னேன் என்று.

நான் பெண்கள் கழிப்பறையில் போய் அழுதேன். பயத்தில் இல்லை. பெரிய மலை எதையாவது கிட்டத்தில் பார்த்தால் சிலருக்கு அழுகை வருமாம், அதுபோல ஏதோ.

அடுத்த ஐந்து வாரம் கொட்டகையில் தட்டுகளை இறக்கினார்கள். நான் தொட்ட இரண்டு வருடத்துக் கற்களின் மறுபாதிகளில் குறிப்பிட்டவற்றைத் தேர்ந்து, புதிய ஆட்கள், கையில் நகை எதுவும் இல்லாதவர்கள், மறுபடி மாதிரி எடுத்தார்கள். எந்தத் தட்டு எங்கே என்று காட்டுவது மட்டும் என் வேலை. தொடக்கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒருவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கக் கையை நீட்டவே கூச்சமாக இருந்தது.

முடிவுகள் வந்தன. பாறைகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. அவற்றைக் கையுறையோடு எடுத்திருந்தேன். ஏழு பைகளில் மட்டும் தங்கத்தின் அளவு முன்பு சொன்னதைவிடக் குறைந்தது. அந்த ஏழையும் எண் சொல்லி, காரணம் சொல்லி, திருத்திய அறிவிப்பு வெளியானது. ஆய்வுக்கூடத்து ஆள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார் என்று தகவல் வந்தது. சங்கம் காலினுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தது. எனக்கு மறுபடி பயிற்சி. வேலை போகவில்லை, விசாவும் போகவில்லை.

"திங்கட்கிழமை மேசைக்கு வா" என்றார் காலின். "அது இல்லாமல்."

7

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றுக்கல், புகார்க் கடிதம், குறிப்பேடு, ஐந்து வாரம். நடுவில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அந்த வெள்ளக்கார்ரு ஒன்னிய திட்டவே இல்லியா?"

"இல்லம்மா."

"தம்மேல போட்டுகினாரா?"

"ஆமா. அவரே எழுதிக் குடுத்துட்டாரு."

"அவுரு பொஞ்சாதி ஒன்னியும் சொல்லலியா?"

அது எனக்குத் தெரியாது என்றேன். தையல் மெஷின் மறுபடி கொஞ்சம் ஓடி நின்றது.

"எப்ப வெட்டுறாங்கோ?"

"நாளைக்கு மத்தியானம், இங்க ஒர்க்‌ஷாப்புல."

"போன் போடு. நான் பாக்கணும். நான் ஏத்தனது."

மறுநாள் பட்டறையில் ஷேன் என்கிற ஃபிட்டர் காத்திருந்தார். ஆறடி உயரம், கைகளில் கிரீஸ். எனக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை என்று வருத்தப்பட்டார். வளையலுக்கும் என் தோலுக்கும் நடுவில் ஒரு தோல் துண்டைச் செருகினார். மெல்லிய வயர் வெட்டும் கட்டரை எடுத்தார். போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் அம்மா. பின்னால் பாதி தைத்த ஜாக்கெட் தொங்கியது. நல்ல புடவை கட்டியிருந்தாள், பூ வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

ஷேன் கட்டரை வளையலில் வைத்துவிட்டு நிறுத்தினார். போனைப் பார்த்தார். "உன் அம்மாவைக் கேள். ஆரம்பிக்கலாமா?"

நான் கேட்கவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று அம்மாவுக்கே புரிந்துவிட்டது. போனுக்கு மிகக் கிட்டத்தில் வந்தாள், திரை முழுக்க முகமாக. என்னிடம் இல்லை, அவரிடமே பேசினாள்.

"கையப் பாத்து வெட்டு நைனா. திங்கக்கெயம அந்தக் கையாலத்தான் அவ கல்லு தொடணும்."